நான்கு செயலி, ஒரு சம்பளம்: 'பிறகு கொடு' கடன் சேரும் விதம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கூட்டம் கூடிவிடும். பாதிக்கு மேற்பட்ட வாங்கல் இப்போது அந்தச் சாலைகளுக்கே வராமல் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது என்பது வியாபாரிகளின் குறை. கைப்பேசியில் பணம் கட்டும் இடத்துக்கு வந்தால், வங்கி அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் இருக்கிறது: இப்போது வாங்கு, பிறகு கொடு. ஷோப்பியின் எஸ்பேலேட்டர், கிரேப்பின் பேலேட்டர், ஆட்டோம் என்று பெயர்கள் பல. வேலை ஒன்றுதான். 360 வெள்ளிப் பொருளை இன்று எடுத்துக்கொண்டு, மாதம் 120 வெள்ளியாக மூன்று மாதத்தில் கட்டலாம்.

இந்த முறை நமக்குப் புதிது இல்லை. தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு எல்லாம் கணக்கில் வாங்கிச் சம்பள நாளில் அடைத்த குடும்பங்கள்தாம் நாம். கடைக்காரர் வைத்திருந்த சின்ன '555' புத்தகம் இந்த நாட்டில் கடனுக்கே மறுபெயராகிப் போனது. அந்தப் புத்தகத்தில் ஏமாற்று வேலையும் நடந்தது உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரருக்கு உங்கள் சம்பளம் தெரியும், வீட்டில் எத்தனை வாய் என்று தெரியும். கணக்கு எல்லை மீறினால், "பழசைக் கொஞ்சம் கட்டிவிட்டு வாங்க அண்ணே" என்று சொல்லிவிடுவார். செயலி அப்படிச் சொல்வதில்லை. ஒழுங்காகக் கட்டினால் உங்கள் வரம்பை உயர்த்தத்தான் செய்யும். ஒரு செயலியில் வரம்பு தீர்ந்தால், அடுத்த செயலிக்கு அது தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் நெடுநாள் இருக்கவில்லை.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரு தவணை யாரையும் கவிழ்ப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோவும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. இந்தச் சம்பளக்காரர் ஒருவர், ஒரு பேச்சுக்கு, 1,200 வெள்ளிக் கைப்பேசியை 12 மாதத் தவணையில் எடுக்கிறார், மாதம் 1.5 விழுக்காடு கட்டணத்தோடு அது 118 வெள்ளி. பெருநாள் துணிமணி 360 வெள்ளிக்கு மூன்று தவணை, மாதம் 120. பிள்ளைக்குக் காலணியும் பையும் இன்னொரு செயலியில் 240 வெள்ளி, மாதம் 80. சமையலறைக்கு ஒரு மின்சாதனம் 300 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 54.50. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை. கூட்டினால் மாதம் 372 வெள்ளி 50 காசு. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பால் மாவு எதுவும் இன்னும் தொடங்கவில்லை, சம்பளத்தில் கால் பங்கு போய்விட்டது.

'மாதம் 1.5 விழுக்காடு' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 12 மாதத்துக்கு 18 விழுக்காடு, கடன் அட்டைக்கு உள்ள உச்ச வட்டியும் ஆண்டுக்கு 18தானே என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. கடன் அட்டையில் மீதி இருக்கும் தொகைக்குத்தான் வட்டி. இங்கே ஆறாவது மாதம் பாதிக் கடனை அடைத்த பிறகும், கட்டணம் முதலில் எடுத்த 1,200-க்கே போடப்படுகிறது. கைப்பேசிக்கு மொத்தம் கட்டுவது 1,416. கடன் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்கு 31 விழுக்காட்டுக்கும் அதிக வட்டி. 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது.

வட்டியே இல்லாத மூன்று மாதத் தவணைகளும் உண்டு, உண்மைதான். அங்கே நிறுவனம் கடைக்காரரிடம் தரகு வாங்கிக்கொள்கிறது. நீங்கள் தாமதமானால் உங்களிடமும் அபராதம் வாங்கும். 40 வெள்ளித் தவணைக்கு 10 வெள்ளி அபராதம் என்றால் அது கால் பங்கு. பணமும் பெரும்பாலும் வங்கி அட்டையிலிருந்து தானாகவே வெட்டப்படும். சம்பளம் ஏறிய காலையிலேயே எடுத்துவிட்டால், வாடகைக்கு வைத்த காசு என்று அதற்குத் தெரியாது. பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாலும், பணம் திரும்ப வரவு வைக்கப்படும்வரை தவணை நாள் உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னும் இரண்டு பழக்கங்கள் நம் வீடுகளில் நடக்கின்றன. ஒன்று, "உன் பேரில் எடுத்துக் கொடு தம்பி, நான் மாசா மாசம் தந்துடுறேன்" என்று உறவினர் கேட்பது. மாமா கட்டாவிட்டாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். மற்றொன்று, செயலியின் வரம்பை ரொக்கமாக மாற்றித் தருவதாக முகநூலில் வரும் விளம்பரம். பொருள் வாங்கியதாகக் காட்டி, ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சிலர் அடையாள அட்டை விவரத்தையும் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். தவணையை அடைக்க இந்த வழியில் இறங்கியவர்களுக்கு அடுத்த படி பல நேரங்களில் ஆலோங்காக இருக்கிறது.

சட்டம் இத்தனை நாள் பின்தங்கியே இருந்தது. வங்கியைப் பேங்க் நெகாரா பார்த்துக்கொண்டது, வட்டித் தொழிலுக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு உரிமம் தந்தது. நம் கூட்டுச் சீட்டுக்குக்கூட 1971-இலேயே தடைச் சட்டம் வந்தது! வங்கி அல்லாத இந்தத் தவணை நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கவில்லை. பயனீட்டாளர் கடன் மசோதா 2025 ஜூலையில்தான் மக்களவையில் நிறைவேறியது. அதன்படி அமையும் ஆணையத்திடம் இந்நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். வாங்குபவரால் கட்ட முடியுமா என்று பார்த்துக் கடன் தர வேண்டும். கட்டணங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடன் வசூலிப்பவர்கள் மிரட்டக்கூடாது என்பதும் அதில் உண்டு.

ஏற்கெனவே தவணைகள் சேர்ந்துவிட்டவர்கள், முதலில் எல்லாச் செயலிகளையும் திறந்து, மீதித் தொகையையும் தேதியையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதைக் கணவன் மனைவி இருவரும் பார்க்க வேண்டும். புதிய வாங்கலை நிறுத்தி, செயலியில் அந்த வசதியை முடக்கச் சொல்லலாம். தேதி தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே நிறுவனத்திடம் கால நீட்டிப்பு கேளுங்கள். பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் என்ன வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறது என்பதைப் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ போகும்போது வங்கி முதலில் திறப்பது அதைத்தான். தனியார் கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையையும் வங்கிகள் பார்ப்பதுண்டு.

வங்கிக் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே அமைப்பை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, மேலே சொன்ன அந்தத் தாள் ஆகிய மூன்றையும் கொண்டுபோனால் முதல் நாளிலேயே வேலை நடக்கும்.