டிஃப்ராக்கின் நினைவகம்: ‘பழமையான எந்திரம்’ என்ற தீர்ப்பை மீண்டும் வாசித்தல்

வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடைபெறுகிறது. கேட்கப்படும் ஒவ்வொரு விலையும் அடுத்த விலை வரும்வரை ஒரு நினைவகத்தில் தங்கியிருக்கிறது. எண்ணைக் கூட்டுவதைவிட அதைப் பிழையின்றித் தேக்கி வைப்பதே தொடக்ககாலக் கணினியாளர்களைப் பெரிதும் அலைக்கழித்த சிக்கல். இந்திய மண்ணில் அச்சிக்கல் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பது நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

1950களின் முற்பகுதியில் பாதரசக் குழாய்கள், எதிர்மின் கதிர்க் குழாய்கள், காந்த உருளைகள் ஆகியனவே நினைவகங்களாகப் பயன்பட்டன. 1955இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த ஹெக்-2எம் கணினியும் காந்த உருளையையே கொண்டிருந்தது. உருளை சுழன்று உரிய இடம் வரும்வரை எந்திரம் காத்திருக்க வேண்டும். 1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் கணினி ஃபெரைட் வளைய நினைவகத்துக்கு மாறியபோது அக்காத்திருப்பு நீங்குவதற்கு வழி பிறந்தது.

அக்காலத்தில்தான் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் கணினிப் பணியைத் தொடங்கினார். கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர். அவரது குழு 1956இல் இயங்கச் செய்த முன்னோடி எந்திரம், உலகச் சந்தையிலேயே அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்த ஃபெரைட் வளையங்களைத் தேர்ந்தது. 1960இல் முறையாகப் பயன்பாட்டுக்கு வந்த முழு எந்திரத்தின் நினைவகம், ஒவ்வொன்றும் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைத் தாங்கியது. பிட்டுக்கு ஒரு வளையம் எனக் கணக்கிட்டால் 81,920 வளையங்கள்! 1962இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயரிட்டார்.

இந்நினைவகத்தின் தத்துவம் எளிது. வளையத்தின் காந்தப் புலம் ஒரு திசையில் சுழன்றால் 1, எதிர்த்திசையில் சுழன்றால் 0. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இரு கம்பிகளில் தேவையான மின்னோட்டத்தின் பாதி பாதியைச் செலுத்தினால், அவை சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும். படிக்கும்போது தகவல் அழிந்துவிடும் என்பதால் உடனே திரும்ப எழுதவும் வேண்டும்.

சோதனையில்தான் உண்மையான இடர் வெளிப்படும். பாதி மின்னோட்டம் பெறும் வளையங்களும் சிறிது சலசலக்கும். அச்சலசலப்புகள் ஒன்றுகூடினால் மெய்யான குறிப்பை மறைத்துவிடும். ஆகவே 1, 0 ஆகியவற்றைச் சதுரங்கப் பலகை போல் மாற்றி மாற்றி நிரப்பி, மிக மோசமான நிலையிலும் நினைவகம் தாங்குகிறதா எனப் பார்ப்பது அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். வெப்பம் ஏறினால் வளையத்தின் இயல்பும் மாறும். எனவே ஒரு முறை சரியாக இயங்கியது என்பது நினைவகத்துக்குச் சான்றாகாது.

‘பிறந்தபோதே பழமையானது’ என்பது டிஃப்ராக் குறித்து வழக்கமாகக் கூறப்படும் தீர்ப்பு. வெற்றிடக் குழாய்களைப் பொறுத்தவரை அது சரியே. 1960க்குள் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன. ஆனால் நினைவகத்தைப் பொறுத்தவரை அது தவறு. 1964இல் அதே நிறுவனத்துக்கு வந்த சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கக் கணினியும் வளைய நினைவகத்தையே கொண்டிருந்தது. 1970களில் குறைகடத்திச் சில்லுகள் வெல்லும்வரை உலகம் அதையே நம்பியிருந்தது. ஓர் எந்திரத்துக்குள்ளேயே முதுமையும் புதுமையும் அருகருகே இருந்தன. முழு எந்திரத்துக்கும் ஒரே வயதைக் குறிப்பதுதான் அத்தீர்ப்பின் பிழை.

2023இல் குஜராத்தின் சனந்தில் நினைவகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலை அறிவிக்கப்பட்டபோது, ‘வெறும் சோதனைதானே’ என்ற ஏளனமும் எழுந்தது. வளையங்களின் வரலாறு அவ்வேளனத்துக்கு இடம் தருவதில்லை. ஆனால் நரசிம்மனின் குழு சோதித்தது தானே வடிவமைத்த எந்திரத்தை. பிழை கண்டால் திருத்தும் உரிமையும் அதனிடமே இருந்தது. அவ்வுரிமை இன்று யாரிடம் உள்ளது என்பதே ஆய்வு மாணவர்கள் எழுப்ப வேண்டிய வினா.