கலிங்கு இல்லாத கண்மாய்: சிறுநீரகக் கல் சிகிச்சையில் அழுத்தம் அளந்த வரலாறு

சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழு நண்பர், "கல்லூரி நினைவுகளைத் தவிர எது வேணும்னாலும் எழுதுப்பா, நினைவுகள் ஏற்கெனவே நிறைய வந்துடுச்சு" என்றார். ஆகவே விடுதி மெஸ் சாம்பாரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, சில ஆண்டுகளாக நான் தேடிப் படித்துவரும் ஒரு சின்ன வரலாற்றை இங்கே சொல்கிறேன். சிறுநீரகக் கல்லை எடுக்கும்போது சிறுநீரகத்துக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதை மனிதன் எப்போது அளக்கத் தொடங்கினான், ஏன் அவ்வளவு தாமதமாக அளந்தான் என்பதுதான் விஷயம். மருத்துவர்கள் பொறுத்தருள்க. நான் வெறும் கருவியியல்காரன்.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைக் கண்மாயை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் உண்டு, வயலுக்குத் திறக்க மடை உண்டு, மிஞ்சின தண்ணி தானாக வெளியேறக் கலிங்கு உண்டு. பெருமழையில் கலிங்கு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கவிநாட்டுக் கண்மாய்ப் பக்கம் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் கரையைத்தான் பார்க்கும். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் முதலில் வந்து சேரும் புனல் போன்ற உள்ளறையும் ஒரு குட்டிக் கண்மாய்தான். இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் கொண்டாலே அதிகம். அதன் கலிங்கு, கீழே மூத்திரப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாய். இயல்பான நிலையில் உள்ளே அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போவதில்லை.

கல்லை உடைக்கும் மருத்துவர் உள்ளே குழாய்க் கேமராவை விடுகிறார். ரத்தமும் கல் தூளும் பார்வையை மறைப்பதால் உப்புநீரை ஓட விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வரத்து உண்டு, கலிங்கு உண்டா என்பதே கேள்வி. வெளியேறும் வழி போதாமல் அழுத்தம் சுமார் 30 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால், உள்ளே இருக்கும் நீர் சிறுநீரகத் திசுவைப் பிளந்துகொண்டு ரத்தநாளங்களுக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. கல்லுக்குள் கிருமி குடியிருந்தால் அதுவும் கூடவே போகும். அப்புறம் குளிர்க்காய்ச்சல், ரத்தம் முழுக்க நஞ்சேறுதல், சில வேளை உயிருக்கே ஆபத்து.

அழுத்தம் அளப்பதும் கல்லை ஆராய்வதும் ஒரே புத்தகத்தில் பிறந்தவை என்றால் நம்புவீர்களா? ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, நெட்டுக்குத்தாக நிறுத்திய கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கும் மேல் ஏறியதைப் பார்த்தார். ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் அவரே. 1733-ல் அதை வெளியிட்ட அதே நூலில், சிறுநீரகத்திலும் மூத்திரப்பையிலும் உண்டாகும் கற்கள் பற்றிய தம் சோதனைகளையும் சேர்த்திருக்கிறார். 1828-ல் பிரான்சின் புவாசேய் பாதரச மானோமீட்டரைக் கொண்டுவந்தார். நாம் இன்றும் சொல்லும் 'மி.மீ. பாதரசம்' அந்த வழியில் வந்ததுதான். ஆக, அளவுகோலும் இருந்தது, கல்லும் இருந்தது. இரண்டும் அறுவை அரங்கில் சேர்ந்து உட்கார இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆபத்தை முதலில் காட்டிக்கொடுத்தது எக்ஸ்ரே. 1906-ல் ஜெர்மனியின் ஃபோல்க்கரும் லிக்டென்பெர்க்கும் கீழிருந்து சிறுநீர்க்குழாய் வழியாக வெள்ளி கலந்த மருந்தைச் செலுத்திச் சிறுநீரகத்தைப் படமெடுத்தார்கள். நல்ல முறைதான். ஆனால் சிரிஞ்சை அழுத்திய கையின் வேகத்துக்கு ஏற்ப விபத்துகளும் நடந்தன. ஏன் என்று தேடிய அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஹின்மன், 1924-லும் 1926-லும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில், அழுத்தம் ஏறும்போது உள்ளறையிலிருந்து திரவம் நேராகச் சிரைகளுக்குள் புகுவதை விளக்கினார். நூறு வருஷத்துக்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

1973-ல் பிரிட்டனின் ராபர்ட் விட்டேக்கர் ஒரு சோதனையை வகுத்தார். சிறுநீரகத்துக்குள் நிமிஷத்துக்கு 10 மி.லி. நீர் செலுத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். அதில் மூத்திரப்பையின் அழுத்தத்தைக் கழித்து, மிச்சம் 15 செ.மீ. நீர்மட்டத்துக்குள் இருந்தால் சரி, 22-ஐத் தாண்டினால் அடைப்பு. மின் பொறியாளர் மின்தடை பார்ப்பதுபோலவே! ஆனால் அது நோயைக் கண்டறியும் சோதனை. சிகிச்சை நடக்கும் நேரத்தில் கண்காணிப்பது அல்ல.

மூன்றே ஆண்டில், 1976-ல், சுவீடனின் ஃபெர்ன்ஸ்ட்ராமும் யோஹான்சனும் முதுகில் சிறு துளையிட்டு அதன் வழியாகக் கல்லை எடுத்த முறையை வெளியிட்டார்கள். விலாவை ஒட்டிப் பெரிதாகக் கிழிக்கும் அறுவைக்கு விடை கிடைத்தது. துளைக்குள் வைக்கும் உறைக்குழாய் 30 பிரெஞ்சு அளவு வரை இருந்தது. 3 பிரெஞ்சு என்பது 1 மி.மீ.; ஆகவே 10 மி.மீ. அகலம். இது நல்ல அகலமான கலிங்கு. தண்ணீர் உள்ளே போன வேகத்தில் வெளியே கொட்டும். அழுத்தத்தை அளக்க வேண்டும் என்று பெரும்பாலானோருக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. 2002-ல் அமெரிக்காவின் டிராக்செலும் லோவும் அளந்து பார்த்தபோது, அழுத்தம் பெரும்பாலும் 30-க்குள்ளேயே நின்றது. சிகிச்சைக்குப் பின் வந்த காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. "அப்புறம் எதுக்கு மீட்டர்?" என்று கேட்பது நியாயமாகவே இருந்தது.

இதற்கிடையில் துளை சுருங்கத் தொடங்கியிருந்தது. பெரிய துளையில் ரத்தப்போக்கு அதிகம். எனவே 1990-களின் கடைசியில் 'மினி' முறைகள் வந்தன. இந்தச் சுருக்கத்தின் எல்லை வரை போனவர்கள் நம் நாட்டுக்காரர்கள். குஜராத்தின் நடியாத் நகரில் 1978-ல் தொடங்கப்பட்ட முல்ஜிபாய் படேல் சிறுநீரகவியல் மருத்துவமனையின் மகேஷ் தேசாயும் குழுவினரும் 2011-ல் 'மைக்ரோபெர்க்' முறையை வெளியிட்டனர். 4.85 பிரெஞ்சு, அதாவது சுமார் 1.6 மி.மீ. ஊசி. அதற்குள்ளேயே கேமரா இழை, லேசர் இழை, தண்ணீர் எல்லாம். பொறியாளனாக எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் ஊசியைச் சுற்றித் தண்ணீர் வெளியேற இடமே இல்லை. கீழிருந்து வைத்த மெல்லிய வடிகுழாய் ஒன்றே துணை. 2014-ல் துருக்கியில் அளந்தபோது, பெரிய துளை முறையைவிட இதில் அழுத்தம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதற்கு முன்பே, 2008-ல், சீனாவின் குவாங்சூ குழு மினி முறையை ஆராய்ந்து, அழுத்தம் 30-க்கு மேல் நின்ற மொத்த நேரம் 50 விநாடியைத் தாண்டினால் காய்ச்சல் வாய்ப்பு கூடுகிறது என்று எழுதியிருந்தது. 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. முன்னது அகலக் கலிங்கு, பின்னது குறுகிய கலிங்கு. துளை சிறுக்கச் சிறுக்க மானியின் தேவை பெருகியது என்பதே இந்த வரலாறு.

இந்தப் படிப்பெல்லாம் எனக்கு வந்ததே ஆலங்குடிப் பக்கத்துச் சித்தப்பாவால். வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்துப் பார்த்து, கடைசியில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். கல் சுத்தமாக வந்துவிட்டது. அன்று ராத்திரி உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார், இப்போது என்னைவிடத் திடமாக இருக்கிறார். "உள்ளே பிரஷர் எவ்வளவு இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாட்டிலை எவ்வளவு உயரத்துல தொங்கவிடறோமோ, அதுதான் தம்பி எங்க கணக்கு" என்றார்.

அந்தக் கணக்கை நாமும் போடலாம். 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. நீர். எனவே பாட்டிலின் நீர்மட்டம் சிறுநீரகத்துக்கு 40 செ.மீ. மேலே இருந்தாலே, வெளிவழி அடைபட்டால் 30-ஐ எட்டிவிடலாம். ஒரு மீட்டர் என்றால் 73. கையால் சிரிஞ்சை அழுத்தினால் 100-ஐ எளிதில் தாண்டும். தண்ணீரைக் குறைத்தால் ஆயிற்று என்பீர்கள். குறைத்தால் பார்வை மங்கும்; லேசர் சூட்டை எடுத்துச்செல்ல நீரோட்டம் இல்லாமல் திசு வேகும். மடையை மூடுவது தீர்வல்ல என்பது இதனால்தான்.

ஒரு தீர்வு, கலிங்கிலேயே இறைப்பானை வைப்பது. குவாங்சூவின் ஜெங் குவோஹுவா குழுவினர் 2016-ல் வெளியிட்ட முறையில் உறைக்குழாயே உறிஞ்சவும் செய்கிறது. கல் தூளும் வருகிறது, அழுத்தமும் இறங்குகிறது. மற்றொன்று, உள்ளேயே மானி வைப்பது. துளையே போடாமல் இயற்கை வழியாக ஏறும் வளையும் குழாய்க் கேமராவுக்கு இது இன்னும் அவசியம். 1964-ல் மார்ஷல் முதன்முதலில் அப்படி ஒன்றை அனுப்பிப் பார்த்ததிலிருந்து இடநெருக்கடிதான் அதன் நிரந்தரச் சிக்கல். 1974-ல் ஜப்பானின் தகாயாசுவும் ஆசோவும் காட்டிய வழிகாட்டி உறை கொஞ்சம் வெளிவழி தந்தது.

சிலிக்கனை அழுத்தினால் அதன் மின்தடை மாறும் என்று சார்லஸ் ஸ்மித் 1954-ல் கண்டதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த வழியில் உணரிகள் சுருங்கிச் சுருங்கி, இதயக் குழாய் அடைப்பை அளக்கும் 0.36 மி.மீ. கம்பியின் நுனியில் ஏறின. பாரிஸ் மருத்துவர்கள் அத்தகைய உணரிக் கம்பி ஒன்றைச் சிறுநீரகத்துக்குள் வைத்து, சிகிச்சை முழுக்கத் தொடர்ந்து அளந்து 2021-ல் எழுதினார்கள். அதையடுத்து, நுனியிலேயே உணரி பதித்த 'லித்தோவியூ எலைட்' என்ற குழாய்க் கேமரா அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. திரையில் படத்தோடு அழுத்தமும் ஓடுகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய பொருள் என்பதால் விலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் நம் மாவட்டத்தார் பெரிய சிகிச்சைக்கு மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பஸ் ஏறுவார்கள். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலை உயர்ந்த கேமரா இல்லாத இடத்திலும் அழுத்தத்தை அளக்க வழி உண்டு. துளை முறையில் எக்ஸ்ரே மருந்து செலுத்த எப்படியும் கீழிருந்து ஒரு மெல்லிய குழாயை வைக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்க்கும் சாதாரண டிரான்ஸ்டியூசரை அதன் வெளிமுனையில் இணைத்தால் அளவு வந்துவிடும். ஆய்வுகள் பலவும் இப்படித்தான் அளந்திருக்கின்றன.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி, தங்கைகளே, சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தபின் டிரான்ஸ்டியூசரைச் சிறுநீரக மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூஜ்ஜியம் வைக்க வேண்டும். 10 செ.மீ. பிசகினால் 7 மி.மீ. பாதரசம் தப்பும். இரண்டாவது, கல் தூள் அந்த மெல்லிய குழாயை அடைத்துவிட்டால் மீட்டர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும், அடைத்திருக்கிறது என்று தானாகச் சொல்லாது. அதைச் சொல்லவைக்கும் சர்க்யூட் ஒன்றை வீட்டு மேஜையில் முயன்று கொண்டிருக்கிறேன். இரண்டு கை கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. சந்திப்பு நாளன்று தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள்.