காவடியில் அமர்ந்த பெற்றோர்: ஒரு படத்தின் வரலாறு

மாதேஸ்வரன் மலையில் விற்கும் படங்களில் மாதேஸ்வரர் பெரும்பாலும் புலிமேல் அமர்ந்திருக்கிறார். அம்மலையின் கன்னடக் கதைப்பாடலிலோ அவரை ஈன்ற உத்தராஜம்மையும் உண்டு. பாட்டில் வரும் தாய்க்குப் படத்தில் இடமில்லை. ஒரு கதையிலிருந்து படம் எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்னும் இவ்வினாவைப் பெற்றோரன்பு பேசும் சிறார் படநூல்களிடமும் எழுப்ப வேண்டும்.

நம் நாட்டில் இவ்வகைக்கு முன்மாதிரி சிரவணன். தந்தை வாங்கிவைத்திருந்த சிரவண பித்ருபக்தி நாடகத்தைச் சிறுவயதில் ஆழ்ந்து படித்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். ஏறத்தாழ அதே காலத்தில், ஊர் ஊராகச் சென்று படம் காட்டுவோர் வந்தனர்; பார்வையற்ற பெற்றோரைச் சிரவணன் தோளில் சுமந்து யாத்திரை செல்லும் படம் அவர் நெஞ்சில் பதிந்தது.

வான்மீகியின் அயோத்தியா காண்டத்தில் அக்காவடி இல்லை. சிரவணன் என்னும் பெயருமில்லை. பெற்றோர் ஆசிரமத்தில் இருக்கின்றனர். நீர் முகக்க வந்த மகன்மீது தசரதனின் அம்பு பாய்கிறது. 540ஆம் சாதகமான சாமன் கதையிலும் மகன் தண்ணீர் எடுக்கவே செல்கிறான். சாஞ்சிப் பெருந்தூபியின் மேற்கு வாயிலில் செதுக்கப்பட்டிருப்பதும் ஆசிரமமும் நீர்த்துறையும் வில்லேந்திய அரசனுமே. குடம் நாள்தோறும் நிகழும் பணிவிடையைச் சுட்டுவது. காவடியோ அன்பைச் சுமையாக்கிக் காட்டுவது. ஒரே பார்வையில் விளங்கும் என்பதால் குழந்தைகளுக்கான படத்தில் காவடி வென்றது போலும். ஆனால் அப்படத்தில் பெற்றோர் பெறுபவர் மட்டுமே; அவர்கள் முன்பு மகனுக்குச் செய்தது எதுவும் தெரியாது.

இத்தகைய படம் எல்லாக் குழந்தைகளையும் ஒரேவிதமாக ஆட்கொண்டுவிடும் என்பதற்கில்லை. 1881இல் பிறந்த சீன எழுத்தாளர் லூ சுன்னுக்கு முதன்முதலில் கிடைத்த படநூல், பெற்றோர்பால் பக்தி பூண்ட இருபத்துநான்கு பிள்ளைகளைப் பற்றியது. உறவினர் ஒருவரின் அன்பளிப்பு. வறுமையில் தாய்க்கு உணவு குறையுமென்று தன் மூன்று வயது மகனைப் புதைக்கக் குழி தோண்டும் குவோ ஜூவின் படம் அதிலுண்டு. குழியில் பொன் கிடைத்துக் குழந்தை பிழைத்துவிடும். எனினும், குடும்பம் நொடித்துவந்த வேளையில், தம் தந்தையும் நல்ல மகனாகிவிடுவாரோ என அச்சிறுவன் அஞ்சினான். இதை 1926இல் அவர் எழுதினார். நன்றியுணர்வைக் கற்பிக்கத் தந்த நூலில், கொல்லப்படவிருக்கும் குழந்தையின் இடத்தில் நின்று படித்த வாசகர் அவர். நம்மிடம் சிரவணன் படத்தைப் பற்றி இத்தகைய சாட்சியம் ஏதேனும் உண்டா? இருப்பின் அறிந்தோர் பகிரலாம்.

2006இல் சென்னைத் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, அம்மாவின் புடவையைப் பற்றிய படநூல் வேறு வழியில் செல்கிறது. எழுத்து சந்தியா ராவ். ஓவியம் நீனா சப்னானி. அதில் மகன் சுமப்பதில்லை, நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை. குழந்தை அப்புடவையில் விளையாடுகிறது. மூக்கையும் அதிலேயே துடைத்துக்கொள்கிறது.