இலங்கையின் உணவு மானியமும் நிவாரணப் பணமும்

இலங்கையில் அரசின் உணவு உதவி 1942இல் போர்க்காலப் பங்கீடாகத் தொடங்கியது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோகவே, வருமானம் பாராமல் கூப்பன் வழங்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் அது தொடர்ந்தது. சங்கக்கடையில் கூப்பன் அரிசி வாங்குவதை மக்கள் தம் உரிமையாகவே கருதினர்.

1953இல் அந்த உரிமையில் அரசு கைவைத்தது. கொரியப் போரால் அரிசி விலை ஏறியிருந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச உணவும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் நடத்திய ஹர்த்தாலில் நாட்டின் பல பகுதிகள் முடங்கின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1966இல், மீண்டும் பிரதமராக இருந்தபோது, அவர் பங்கீட்டை வாரம் இரண்டு இறாத்தலாகப் பாதியாக்கினார். ஆனால் அதை இலவசமாகக் கொடுத்தார்.

1973-74இல் உலகச் சந்தை விலையேற்றத்தால் பங்கீடு மேலும் வெட்டப்பட்டபோது மிகக் கொடுமையாக அடிபட்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர். பயிரிடச் சொந்த நிலமில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குமில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. இவ்வரலாற்றின் மிக இருண்ட பக்கம் இதுவே.

1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமாகப் பங்கீடு சுருங்கியது. மறு ஆண்டு செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை விலைவாசியோடு உயரவில்லை. 1982க்குள் அதன் வாங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. செலவைக் குறைக்க நினைத்த அரசுக்கு இது வசதி. பொருளாகக் கொடுத்த அரிசியை இவ்வளவு ஓசையின்றி வெட்டியிருக்க முடியாது. தோட்டத் தொழிலாளரின் கூலி ஏட்டில் பதிவாகியிருந்ததால் அவர்களை விலக்குவதும் எளிதாயிற்று. ஏட்டில் ஏறாத வருமானம் உள்ளவர்களோ தப்பினார்கள்.

ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் ஜனசவிய 1989இலும், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் காலத்துச் சமுர்த்தி 1995இலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களாகத் தொடங்கின. இரண்டும் நுகர்வு உதவியோடு சேமிப்பையும் இணைத்தன. சமுர்த்திப் பட்டியலில் அரசியல் செல்வாக்குப் புகுந்தது என்ற குற்றச்சாட்டு கடைசிவரை ஓயவில்லை.

பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தை அஸ்வெசும என்ற நிவாரணத் திட்டம் பிடித்தது. வீடு, கல்வி, உடல்நலம், மின்பாவனை முதலிய 22 குறிகாட்டிகளால் குடும்பங்களை மதிப்பிட்டு, தொடக்கத்தில் மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை வங்கிக் கணக்கில் இட்டது. முதல் பட்டியல் வெளியானதும், விடுபட்டவர்களிடமிருந்து லட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன.