பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை: ஆபரேஷன் தேதிக்கு முன் உடலைத் தயார் செய்வது எப்படி?

களக்காட்டில் இருந்து மதுரைக்கு சுமார் 200 கிலோமீட்டர். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வேலைக்கு லீவு சொல்லி, பஸ் ஏறிப் போய் இறங்கிய பிறகு, "ரத்தம் கம்மியா இருக்கு, ஏத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? பெரிய ஆபரேஷன்கள் தள்ளிப்போவதற்கு ரத்தசோகை, கட்டுப்படாத சுகர், பிரஷர், புகைப்பழக்கம் ஆகியவை முக்கியக் காரணங்கள். இந்த நான்கையும் சரிசெய்யும் வேலையைச் சொந்த ஊரிலேயே தொடங்கிவிடலாம். அதைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே செய்கிறார்கள்?

பேச்சு வழக்கில் 'பாலின மாற்று ஆபரேஷன்' எனப்படுவதைத்தான் இப்போது 'பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை' என்கிறார்கள். ஒரு காலத்தில் 'தாயம்மா' கையால், மயக்க மருந்துகூட இல்லாமல் 'நிர்வாணம்' செய்துகொண்டு உயிரிழந்த திருநங்கைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2008-ல் நலவாரியம் அமைந்ததைத் தொடர்ந்து, அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனி கிளினிக் உண்டு. நெல்லை பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டில் மதுரைதான் பக்கம்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஆறு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்கே சில முறை போய்வர வேண்டியிருக்கும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ரத்தம், சுகர், பிரஷர்

பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அளவு ஏற பல வாரங்கள் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. மாத்திரை போட்டவுடன் டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

சுகர் உள்ளவர்களுக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முக்கியம். அது 8-க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்பதே காரணம். புண் ஆறப் புரதமும் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் போதும். விலை உயர்ந்த புரத பவுடர் கட்டாயம் இல்லை.

பீடி, சிகரெட், புகையிலை

நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இந்த ஆபரேஷனில் தோலை எடுத்து வேறு வடிவத்தில் தைக்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் அந்தத் தோலே அழுகிப்போகலாம். எனவே ஆபரேஷனுக்கு முன்பு குறைந்தது 4 முதல் 6 வாரமும், பிறகு புண் முழுதாக ஆறும் வரையும் புகை கூடாது. வாயில் அடக்கும் புகையிலையிலும் நிகோட்டின் உண்டு.

ஹார்மோன் மாத்திரையை மறைக்கலாமா?

கூடவே கூடாது. பெண்மைக்காக மெடிக்கல் ஷாப்பில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கி, ஒரு நாளைக்கு நாலைந்து என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வகை, காலில் ரத்தத்தை உறையவைக்கும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. என்ன மாத்திரை, எத்தனை, எவ்வளவு நாளாக என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். நாட்டு மருந்து, ஆஸ்பிரின் எதுவானாலும் இதே கதைதான்.

எச்ஐவி இருந்தால் ஆபரேஷன் கிடையாதா?

கிடைக்கும். ஏஆர்டி மாத்திரையை விடாமல் எடுத்து, வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தால் போதும். எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடைசெய்கிறது.

திருநங்கைகள், திருநம்பிகள் கவனிக்க வேண்டியது

பெண்ணுறுப்பு அமைக்கும் ஆபரேஷன் என்றால், பயன்படுத்தப்படும் தோலில் உள்ள முடியை முன்கூட்டியே லேசரில் நீக்கச் சொல்லலாம். இதற்கே பல மாதம் ஆகும். மார்பு நீக்கம் செய்யும் திருநம்பிகள், கட்டி எதுவும் இருக்கிறதா என்று முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. விதைப்பை அல்லது சினைப்பையை எடுத்த பிறகு உடம்பில் ஹார்மோன் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மருத்துவர் சொல்லும் ஹார்மோனைத் தொடராவிட்டால் எலும்பு தேயும். சொந்த ரத்தத்தில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள், விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமிப்பது பற்றி ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பிறகு வழியில்லை.

வீடு திரும்பிய பிறகு?

சுமார் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. வாழைத்தார் சுமப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் இந்த நாட்களுக்கான செலவுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெண்ணுறுப்பு அமைத்தவர்கள் 'டைலேட்டர்' கருவியைத் தினமும் பலமுறை பயன்படுத்த வேண்டியிருக்கும். அதற்குச் சுத்தமான, கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை தேவை. வீட்டில் இடமில்லை என்றால், யார் வீட்டில் தங்குவது என்பதையும் தேதி வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய பேப்பர்கள்

ஆதார், நலவாரிய அடையாள அட்டை, மனநல மருத்துவரின் சான்று, பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள், மாத்திரைச் சீட்டுகள். நலவாரிய அட்டை இல்லாதவர்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம்.

இவை பொதுவான தகவல்கள் மட்டுமே. யாருக்கு எந்தச் சிகிச்சை, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆனால் முதல் ரத்தப் பரிசோதனைக்கு மதுரை போக வேண்டியதில்லை. பக்கத்து சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம்.