ஐரோப்பாவின் எல்லைகளும் விசாவும்: இருநூறு ஆண்டு வரலாறு

ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குச் செல்ல எந்த ஆவணம் வேண்டும் என்ற கேள்விக்குக் கடந்த இரு நூற்றாண்டுகளில் ஒரே விடை நிலைத்திருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டத்தின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாக இருந்தன. அதன் பிற்பாதியில் மேற்கு ஐரோப்பா அவற்றைப் பெரும்பாலும் கைவிட்டது. 1914இல் அவை திரும்பி வந்தன. 1995இல் ஷெங்கன் உடன்படிக்கையைச் செயல்படுத்திய நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை மீண்டும் நீங்கியது. இவ்வரலாற்றைக் கட்டுப்பாட்டிலிருந்து சுதந்திரத்தை நோக்கிய சீரான வளர்ச்சியாகக் கொள்வோர் உண்டு. சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறோர் ஒழுங்கு புலப்படுகிறது: முக்கியமான தளர்வுகள் நெருக்கடிக் காலத்தில் அவற்றை நிறுத்திவைக்கும் விதியோடு சேர்த்தே எழுதப்பட்டன, ஷெங்கன் முறையில் உள் எல்லைகள் தளர்ந்தபோது வெளி எல்லை இறுக்கப்பட்டது.

கடவுச்சீட்டு என்பது ஒருவர் யார், எந்நாட்டவர் என்பதை அவருடைய சொந்த அரசு சான்றளித்து வழங்கும் ஆவணம். விசா என்பது, அவர் செல்ல விரும்பும் நாட்டின் அரசு தன் தூதரகம் அல்லது துணைத்தூதரகத்தின் வழியாக முன்கூட்டியே அந்த ஆவணத்தைச் சரிபார்த்து அதில் இடும் இசைவு. முன்னது வெளியேறுவதையும் திரும்பி வருவதையும் சார்ந்தது, பின்னது நுழைவைச் சார்ந்தது. எனினும் விசா பெற்றவரையும் எல்லை அலுவலர் திருப்பி அனுப்பலாம் என்பதால் அது நுழைவுக்கான உறுதிமொழி ஆகாது.

பிரெஞ்சுப் புரட்சியின் முதல் ஆண்டுகளிலேயே இந்த ஆவணங்களைப் பற்றிய முரண்பாடு கூர்மையாக வெளிப்பட்டது. பழைய முடியாட்சியின் அடக்குமுறைக் கருவிகளில் ஒன்றாகக் கடவுச்சீட்டைக் கண்ட புரட்சியாளர்கள், விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை 1791 செப்டம்பர் அரசியலமைப்பில் எழுதிவைத்தனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1791 ஜூனில், பதினாறாம் லூயி மன்னரின் குடும்பம் கோர்ஃப் சீமாட்டி என்ற பெயரிலான கடவுச்சீட்டோடு, மன்னரே பணியாளர் வேடம் பூண்டு, பாரிஸிலிருந்து தப்பி வரேன் என்ற ஊரில் பிடிபட்டிருந்தது. வெளிநாடு சென்ற பிரபுக்கள் படை திரட்டுகின்றனர் என்ற அச்சமும் இதனோடு சேர்ந்ததால், 1792இன் தொடக்கத்திலேயே சட்டமன்றம் கடவுச்சீட்டுக் கட்டாயத்தை மீட்டது. உரிமை அறிவிக்கப்பட்டுச் சில மாதங்களில் பாதுகாப்பின் பெயரால் அது குறைக்கப்பட்ட இந்த நிகழ்வு, பின்வந்த இரு நூற்றாண்டுகளுக்கும் முன்மாதிரியாக அமைந்தது.

நெப்போலியன் போர்களுக்குப் பின் கண்டத்தின் பெரும்பாலான அரசுகள் பயணிகளைத் தாள்களின் வழியாகவே கண்காணித்தன. 1858 ஜனவரியில், மூன்றாம் நெப்போலியன் மீது குண்டு வீசிய இத்தாலியப் புரட்சியாளர் ஃபெலிச்சே ஒர்சினி ஓர் ஆங்கிலேயரின் கடவுச்சீட்டில் பிரான்சுக்குள் வந்தவர் என்று தெரியவந்தபோது, சோதனை கடுமையாக்கப்பட்டது. பிரித்தானிய அரசும் அதன் பின் தன் குடிமக்களுக்கு மட்டுமே கடவுச்சீட்டு வழங்கலாயிற்று. ஆனால், சதிகாரரைத் தடுக்காத தாள் வணிகரையும் சுற்றுலாப் பயணியரையும் மட்டும் தடுக்கிறது என்ற வாதமும் அதே நிகழ்விலிருந்து வலுப்பெற்றது. அக்காலத்தில் பரவிய ரயில்பாதைகள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரை எல்லை கடத்தியதால், ஒவ்வொருவரின் தாளையும் பார்த்து ஒப்பமிடுவது நடைமுறையில் இயலாததாயிற்று. 1860இன் இறுதியில் பிரான்ஸ் பிரித்தானியப் பயணிகளுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்று அறிவித்தது. பிற மேற்கு ஐரோப்பிய அரசுகளும் அவ்வழியே சென்றன. ரஷ்யப் பேரரசும் உஸ்மானியப் பேரரசும் மட்டுமே இப்போக்கிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் விலகி நின்றன.

இத்தளர்வின் உச்சமாகக் கருதத்தக்கது, பிரஷ்யாவின் தலைமையிலான வட ஜெர்மன் கூட்டமைப்பு 1867 அக்டோபர் 12 அன்று இயற்றிய கடவுச்சீட்டுச் சட்டம் ஆகும். குடிமக்களும் அயல்நாட்டாரும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றிக் கூட்டமைப்புக்குள் வரலாம், போகலாம், உள்ளே உலவலாம் என்று அது வகுத்தது. விரிந்துவந்த தொழில்துறைக்குத் தடையின்றி நகரும் தொழிலாளர் தேவைப்பட்டதே இதன் முதன்மைக் காரணம். எனினும் அதே சட்டத்தில், போராலோ உள்நாட்டுக் குழப்பத்தாலோ பாதுகாப்புக்கு இடர் நேர்ந்தால் கடவுச்சீட்டுக் கட்டாயத்தைத் தற்காலிகமாக மீட்கலாம் என்ற பிரிவும் இடம்பெற்றது. அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடந்த அந்த அதிகாரத்தை 1914 ஜூலை இறுதியில், உலகப்போர் தொடங்கும் தறுவாயில், ஜெர்மன் அரசு கையிலெடுத்தது.

போர் தொடங்கிய சில நாட்களில் பிரித்தானியா அயலார் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. பிரான்சும் இத்தாலியும் தத்தம் வழியில் அதையே செய்தன. ஒற்றரைக் கண்டறிவதும், போர்ப்பணிக்குரிய ஆண்கள் வெளியேறாமல் தடுப்பதும் அரசுகளின் நோக்கமாக இருந்தன. கடவுச்சீட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் பரவியதும் இந்த ஆண்டுகளில்தான். 1918இல் போர் முடிந்தும் இவ்வேற்பாடுகள் விலக்கப்படவில்லை. வேலையின்மை, ரஷ்யப் புரட்சி பரவிவிடும் என்ற அச்சம், புதிதாகப் பிறந்த நாடுகள் தம் இறையாண்மையை நிலைநாட்ட விரும்பியமை ஆகியவை அவற்றை நிலைக்கச் செய்தன. போருக்கு முன் ஒரே பேரரசுக்குள் விசா இன்றி நிகழ்ந்த வியன்னா, பிராக், புதாபெஸ்ட் பயணம் இப்போது மூன்று அரசுகளின் இசைவை வேண்டிய பயணமாக மாறியது.

இந்நிலையைச் சீராக்க, நாடுகளின் சங்கம் 1920 அக்டோபரில் பாரிஸில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. முழு ஒழிப்பு அப்போதைக்கு இயலாது என்று ஏற்ற அம்மாநாடு, எல்லா நாடுகளும் ஒரே வடிவிலான கடவுச்சீட்டை வழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது: 32 பக்கங்கள் கொண்ட சிறு நூல், அட்டைக்கட்டு, பிரெஞ்சையும் சேர்த்துக் குறைந்தது இரு மொழிகள். நுழைவு விசாவுக்கு 10 தங்கப் பிராங்குக்கும், ஒரு நாட்டின் வழியாகக் கடந்து மட்டும் செல்வதற்கான இடைவழி விசாவுக்கு 1 தங்கப் பிராங்குக்கும் மேல் கட்டணம் கூடாது என்றும் அது கூறியது. ஒழிப்பை நோக்கிய இடைக்கால ஏற்பாடாகத் தரப்பட்ட இந்த வடிவமே உலகெங்கும் நிலைபெற்றது. 1926இல் ஜெனீவாவில் மீண்டும் கூடிய மாநாடும் ஒழிப்பை எட்டவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஓர் அரசு உண்டு என்ற முற்கோளின் மீதே இந்த முறை எழுப்பப்பட்டிருந்ததால், அரசற்றோர் அதில் இடமின்றிப் போயினர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு நாட்டைவிட்டு வெளியேறிய லட்சக்கணக்கான ரஷ்யரின் குடியுரிமையைப் பறித்தபோது, அவர்களுக்கு எந்த அரசும் கடவுச்சீட்டு வழங்க முன்வரவில்லை; கடவுச்சீட்டு இல்லாதவருக்கு விசாவும் கிடைக்கவில்லை. துருவ ஆய்வாளரும் நாடுகளின் சங்கத்தின் உயர் ஆணையருமான நார்வேயின் ஃப்ரிட்ஜொஃப் நான்சென் 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டில், அகதிகளுக்கென ஒரு தனி அடையாளச் சான்று ஏற்கப்பட்டது. நான்சென் கடவுச்சீட்டு என்று பெயர்பெற்ற அச்சான்று 1924 முதல் ஆர்மேனியருக்கும் வழங்கப்பட்டது. ஓவியர் மார்க் ஷகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, எழுத்தாளர் நபோக்கோவ் ஆகியோரும் அதைக் கைக்கொண்டவர்கள். மதிக்கத்தக்க சாதனையாயினும் அதற்கு ஓர் அடிப்படைக் குறை இருந்தது: அதை வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைத் தொடக்கத்தில் அது தரவில்லை, ஆதலால் திருப்பியனுப்ப இடமில்லாத ஒருவரை ஏற்கப் பிற நாடுகள் தயங்கின.

1938இல் இம்முறையின் கொடிய பக்கம் முழுமையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டபின் யூதர்கள் சுவிட்சர்லாந்தை நோக்கித் தப்பி ஓடினர். ஜெர்மானியர் எல்லோருக்கும் விசாவைக் கட்டாயமாக்கப்போவதாகச் சுவிஸ் அரசு கூற, அதனால் விளையும் வணிக இழப்பைத் தவிர்க்க நடந்த பேச்சின் முடிவில், யூதர்களின் கடவுச்சீட்டுகளில் 'ஜே' என்ற சிவப்பு எழுத்தைப் பொறிக்க ஜெர்மனி அக்டோபரில் ஆணையிட்டது. உயிர்தப்ப வேண்டியவரை எல்லையில் இனங்கண்டு தடுப்பதற்கு அடையாள ஆவணமே கருவியாயிற்று. அந்தக் காலத்திலும் விதியை மீறிய அலுவலர் சிலர் இருந்தனர். செயின்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர் பவுல் குரூனிங்கர், எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் என்று முன்தேதியிட்டு அகதிகளை உள்ளே விட்டார். 1939இல் பணிநீக்கம் செய்யப்பட்ட அவருக்கு, இறந்து 23 ஆண்டுகள் கழித்து 1995இல்தான் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. போர்தோ நகரின் போர்த்துகீசியத் துணைத்தூதர் அரிஸ்டிடெஸ் டி சௌசா மெண்டஸ், 1940 ஜூனில் தம் அரசின் தடையாணையை மீறி அகதிகளுக்குப் பெருந்தொகையாக விசா வழங்கித் தம் பதவி வாழ்வை இழந்தார். ஒரு முத்திரை உயிருக்கும் சாவுக்கும் இடையில் நின்றதை இவர்கள் உணர்ந்திருந்தனர். அவர்களைத் தண்டித்த நிர்வாகங்கள் அதைக் கோப்பு ஒழுங்காக மட்டுமே கண்டன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தளர்வு அண்டை நாடுகளின் சிறு குழுக்களில் தொடங்கியது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகியவை 1952இல் தம் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டைக் கைவிட்டு, 1958 முதல் உள் எல்லைச் சோதனையையே நீக்கின. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் 1960 உடன்பாட்டின்படி சோதனையைத் தம் பொது வெளி எல்லைக்கு மாற்றின. சோதனையை ஒழிக்காமல் இடம் மாற்றுவது என்ற அந்தக் கருத்தே பின்னர் ஷெங்கன் முறையின் அடித்தளமாயிற்று. 1984இன் தொடக்கத்தில் எல்லைகளில் நேர்ந்த தாமதங்களை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தபின், பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் ஜூலையில் சார்புரூக்கன் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. 1985 ஜூன் 14 அன்று இவ்விரண்டும், பெனலக்ஸ் என்று அழைக்கப்படும் மேற்சொன்ன மூன்று நாடுகளும் லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரருகே மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில் ஒப்பந்தமிட்டன. நடைமுறை விதிகளை வகுத்த 1990 உடன்படிக்கை 1995 மார்ச் 26 அன்று ஏழு நாடுகளில் செயலுக்கு வந்தது. இன்று அவை 29. அவற்றுள் நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாதவை.

உள்ளே சோதனை தளர்ந்த அதே பத்தாண்டில் வெளியே அது இறுகியதை ஈழத் தமிழர் நேரடியாக அனுபவித்தனர். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜெர்மனி தந்த இடைவழி விசாவோடு நகர ரயிலில் மேற்கு பெர்லினை அடைந்தனர். பெர்லினின் பிரிவை அரச எல்லையாக ஏற்க மறுத்ததால் மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை என்பதே இவ்வழி திறந்திருந்ததன் காரணம். மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலால், செல்லும் நாட்டின் விசா இல்லாத தமிழருக்கு இடைவழி விசா தருவதைக் கிழக்கு ஜெர்மனி 1985இல் நிறுத்தியது. அதே ஆண்டில் பிரித்தானியா காமன்வெல்த் நாடுகளில் முதலாவதாக இலங்கையர்மீது விசாவை விதித்தது. மறு ஆண்டு இந்தியா உள்ளிட்ட வேறு சில நாடுகளும் அப்பட்டியலில் சேர்ந்தன. 1987 பிப்ரவரியில் தமிழ் அகதிகள் ஹீத்ரோவில் வந்திறங்கியதைத் தொடர்ந்து, உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு செலுத்த வேண்டும் என்ற சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஷெங்கன் உடன்படிக்கையும் இத்தகைய பொறுப்பை நிறுவனங்கள்மீது சுமத்தியது. இதன் விளைவாக எல்லைக் காவல் கொழும்பிலும் சென்னையிலும் உள்ள விமான நிலையங்களின் பயணப்பதிவு மேசைக்கே வந்து சேர்ந்தது. அடைக்கலம் கோரும் உரிமை சட்டத்தில் நிலைத்திருந்தும், அதைக் கோரக்கூடிய மண்ணை அடையும் வழி அடைபட்டது.

இன்றைய முறையில் ஷெங்கன் விசா பெற்றவர் எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேற்படாமல் எல்லா ஷெங்கன் நாடுகளிலும் தங்கலாம். இந்தியரும் இலங்கையரும் விசா கட்டாயமான பட்டியலில் உள்ளனர். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, செலவுக்கான நிதி, திரும்பி வருவார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் ஆகியவற்றை அவர்கள் காட்டவேண்டும். 2025 அக்டோபர் 12 முதல், குறுகிய காலப் பயணமாக வரும் பிற நாட்டாரின் வரவையும் புறப்பாட்டையும் விரல்ரேகையோடும் முகப்படத்தோடும் பதியும் மின்முறை, கடவுச்சீட்டில் இடும் முத்திரைக்கு மாற்றாகப் படிப்படியாக நடைமுறைக்கு வரலாயிற்று.

1867 சட்டத்தில் இருந்ததைப் போன்ற விதிவிலக்கு ஷெங்கன் விதிகளிலும் உண்டு: பொது ஒழுங்குக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புக்கோ கடும் இடர் நேர்ந்தால் உள் எல்லைச் சோதனையை வரம்புக்குட்பட்ட காலத்துக்கு மீட்கலாம். 2015 செப்டம்பரில் அகதிகளின் வரவு பெருகியபோது ஆஸ்திரிய எல்லையில் இதைப் பயன்படுத்திய ஜெர்மனி, 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளுக்கும் அதை விரித்தது. பிரான்ஸ் 2015 இறுதி முதல் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகச் சோதனையைத் தொடர்கிறது. 1914இல் சில மாதங்களுக்கென எண்ணப்பட்ட ஏற்பாடு ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்பதை அறிந்தோர் இந்த நீட்டிப்புகளைச் சிறிதாக எண்ண இயலாது. விசா தொல்பழங்கால மரபன்று, இயற்கை நியதியும் அன்று. இன்ன அச்சத்தால், இன்ன ஆண்டில், இன்னாரை விலக்க எடுக்கப்பட்ட முடிவுகளின் தொகுப்பு அது. மனிதர் எடுத்த முடிவை மனிதர் மீளாய்வு செய்யவும் முடியும். அந்த ஆய்வு, எளிதில் பயணம் செய்வோரின் வசதியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், எல்லையைக் கடக்க வேண்டிய தேவை மிகுந்தும் தாள் இல்லாதோரை முன்வைத்துத் தொடங்க வேண்டும் என்பதே நான்சென் காலம் முதல் ஷோனஃபெல்ட் காலம் வரையிலான அனுபவம் தரும் படிப்பினை.