இரு விண்மீன் கொடி

1958 பிப்ரவரி 1 அன்று எகிப்தின் நாசரும் சிரியாவின் சுக்ரி அல் குவத்லியும் கெய்ரோவில் ஐக்கிய அரபுக் குடியரசை அறிவித்தனர். இரு நாடுகளுக்கும் பொது எல்லைகூட இல்லை. இடையே இஸ்ரேல் கிடந்தது.

இணைப்பை விரைந்து நாடியவர்கள் சிரியர்களே என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஜனவரியில் அவர்களுடைய படையதிகாரிகள் கெய்ரோவுக்குப் பறந்து வந்து வேண்டினர். நாசர் தயங்கினார், பின்னர், கட்சிகள் யாவும் கலைக்கப்பட வேண்டும் என்றார். அரபு ஒற்றுமையையே உயிர்மூச்சாகக் கொண்ட பாத் கட்சியும் தன்னைக் கலைத்துக்கொண்டது. குவத்லிக்கு 'முதல் அரபுக் குடிமகன்' என்னும் பட்டமே மிஞ்சியது!

பொது வாக்கெடுப்பு இணைப்பை ஏற்றது உண்மை. ஆயினும், அதிகாரத்தை எவ்வாறு பகிர்வது என்பதை எவரும் பேசி முடிக்கவில்லை. டமாஸ்கஸின் முடிவுகள் கெய்ரோவில் எடுக்கப்பட்டன. 1959இல் நாசரின் நெருங்கிய தோழர் அப்துல் ஹக்கீம் ஆமிர் சிரியாவை மேற்பார்க்க அனுப்பப்பட்டார். காலனியாட்சி நீங்கிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆன மக்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? 1961 ஜூலையில் வந்த நாட்டுடைமை ஆணைகள் வணிகரையும் பகைவராக்கின. செப்டம்பர் 28இல் சிரியப் படை கிளர்ந்தெழுந்தது, இணைப்பு முறிந்தது.

எகிப்து மட்டும் 1971 வரை அப்பெயரை விடவில்லை. இரு விண்மீன் கொடியைச் சிரியா 1980இல் மீண்டும் ஏற்றி, 2024 வரை பறக்கவிட்டது. சூயஸ் போர்க்காலத்தில் சலாஹ் ஜாஹின் எழுத, உம்மு குல்தும் பாடிய பாடலே குடியரசின் நாட்டுப்பண்ணாயிற்று. குடியரசு குலைந்த பின்னரும் எகிப்து அதை 1979 வரை இசைத்தது. அக்குடியரசில் ஒருநாளும் சேராத ஈராக், 1965 முதல் 1981 வரை அதையே தன் நாட்டுப்பண்ணாகக் கொண்டிருந்தது.